அத்திக்குப் பெயர் வைக்கும் முன் பழத்தை அறுத்துப் பாருங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். வீட்டில் சீமை அத்தி வளர்ப்பது பற்றிப் போன இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். தொட்டி, மண், கவாத்து பற்றி எழுதியிருந்ததெல்லாம் அருமை. ஆனால் ரகங்களை அடையாளம் காண்பதற்கென்று தனியாக ஒரு பக்கம் போட்டிருந்தீர்களே, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். ரகத்துக்கு ஓர் இலைப் படம், பக்கத்தில் தோல் நிறம், அதோடு சரி. அதை வைத்து ஒருவர் தன் மரத்துக்குப் பெயர் வைத்தால் அது தப்பாகப் போகத்தான் அதிக வாய்ப்பு. தப்பு அந்த வீட்டோடு நிற்பதும் இல்லை, ஏனென்றால் அத்தியைக் குச்சி வெட்டி வைத்தே பெருக்குகிறோம், கேட்பவர்களுக்கெல்லாம் குச்சி கொடுக்கிறோம், குச்சியோடு சேர்ந்து தப்பான பெயரும் வீடு வீடாகப் போய்விடுகிறது.

முதலில் இலையை எடுத்துக்கொள்வோம். ஒரே மரத்தில், ஏன் ஒரே கிளையில்கூட, அடி இலை பிளவே இல்லாமல் முழுசாக இருக்கும், நடு இலை மூன்றாகவோ ஐந்தாகவோ பிரிந்திருக்கும். நிழலில் வளர்ந்த இலை அகலமாக, ஆழமில்லாத பிளவுகளோடு வரும். கவாத்து செய்த பிறகு வேகமாகக் கிளம்பும் தளிரில் வரும் இலையைப் பார்த்தால் வேறு ரகமோ என்றே தோன்றும். இதற்கு மேல் அத்தியில் தேமல் வைரஸ் மிகவும் சாதாரணம். மஞ்சள் திட்டு விழுந்து இலை கோணலாகிவிடும், அதை ரகத்தின் குணம் என்று நினைத்துக் குறித்து வைப்பவர்கள் இருக்கிறார்கள். இந்த வைரஸும் குச்சி வழியாகவே போகிறது, கண்ணுக்குத் தெரியாத ஒரு சிலந்திப்பேன் வழியாகவும் பரவுகிறது. அதற்காக இலை பயனே இல்லை என்று சொல்ல வரவில்லை. காய் பிடித்திருக்கும் கிளையின் நடுப்பகுதியிலிருந்து முற்றிய இலைகள் சிலவற்றைப் பறித்து வரிசையாக வைத்து, எத்தனை பிளவு, எவ்வளவு ஆழம், நடு மடல் நுனியில் விரிகிறதா கூர்மையாகிறதா, காம்பு சேரும் இடம் எப்படி வளைகிறது என்று பார்த்தால் கொஞ்சம் பிடிபடும். வயலட் டி போர்டோ என்ற ரகத்துக்குப் பிளவுகள் ஆழமாக, மடல்கள் விரல் விரலாக மெலிந்திருக்கும். பிளாக் மிஷன் ரகத்தின் இலை அவ்வளவு மெலிந்து பிரியாது, மரமும் பெரிதாக எழும். இந்த இரண்டின் பழமும் கறுப்பு என்பதால் நிறத்தை மட்டும் பார்ப்பவர் இரண்டையும் ஒன்றாக்கிவிடுவார்.

தோல் நிறத்தை நான் கடைசியில்தான் பார்ப்பேன். வெயில் பட்ட பக்கம் கறுத்தும் இலைக்குள் மறைந்த பக்கம் பச்சையாகவும் ஒரே பழம் இருக்கிறது. பிரவுன் டர்க்கி நன்றாக வெயில் வாங்கினால் கருஞ்சிவப்பாகவே ஆகிவிடும், நிழலில் கழுத்துப் பக்கம் பச்சை மாறாமல் நிற்கும். முழுதாகப் பழுக்காததைப் பறித்து நிறம் சொல்வது அதைவிட மோசம். கழுத்து துவண்டு பழம் தொங்க வேண்டும், காம்பில் பால் வடிவது நிற்க வேண்டும், அதுவரை பொறுத்திருக்க வேண்டும்.

சரி, அப்படியானால் எதைப் பார்ப்பது? என் அனுபவத்தில் அதிகம் பேசுவது பழத்தின் அடியில் இருக்கும் துவாரம், அதாவது கண். செலஸ்ட் பழம் சிறியது, கண் இறுக்கமாக மூடியிருக்கும், அதனால் எறும்பும் வண்டும் எளிதில் உள்ளே போவதில்லை. பிரவுன் டர்க்கிக்குக் கண் அதைவிடத் திறந்திருக்கும். இரண்டும் பழுப்பு வகையாகத் தெரிவதால் குழம்புகிறவர்கள் பழத்தைத் திருப்பி அடியைப் பார்த்தாலே பாதிக் குழப்பம் தீரும். கடோட்டா பழுக்கும்போது கண்ணில் தேன் போல ஒரு சொட்டு வந்து அடைத்துக்கொள்ளும். அதற்கு அடுத்தது காம்பும் கழுத்தும்: காம்பு நீளமா குட்டையா, கழுத்து மெலிந்து நீள்கிறதா, அல்லது கழுத்தே இல்லாமல் பழம் உருண்டையாக நிற்கிறதா.

அப்புறம் அறுத்துப் பார்க்க வேண்டும். பச்சைத் தோல் அத்திகளில் இதைச் செய்யாமல் பெயர் சொல்லவே கூடாது. கடோட்டாவுக்கும் லத்தருலாவுக்கும் உள்ளே தேன் நிறம், அட்ரியாட்டிக்குக்கு உள்ளே ஸ்ட்ராபெர்ரிச் சிவப்பு. வெளியிலிருந்து பார்த்தால் மூன்றும் பச்சைதான். கொனட்ரியா இன்னும் சிக்கல், ஏனென்றால் கலிபோர்னியாவில் ஐரா கான்டிட் என்ற அத்தி ஆய்வாளர் அட்ரியாட்டிக்கைத் தாயாக வைத்துக் கலப்பினமாக உருவாக்கிய ரகம் அது, தாயின் சாயல் அதில் இருக்கத்தான் செய்யும். வரிக்கோடு போட்ட பனாஷே ஒன்றுதான் சுலபம், இளங்குச்சியிலேயே மஞ்சளும் பச்சையுமாகக் கோடு தெரியும், பழத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

உங்கள் பக்கம் சொல்லவே இல்லாத ஒன்று, எது எந்தக் காய்ப்பின் பழம் என்பது. பல மரங்கள் இரண்டு முறை காய்க்கும். போன வருடத்துக் குச்சியில் முதலில் வருவது ஒன்று, இந்த வருடத் தளிரில் பின்னால் வருவது இன்னொன்று. முதல் காய்ப்பின் பழம் பெரும்பாலும் பெரிதாக, நீளமாக, உள்ளே வெளிறி இருக்கும். ஒருவர் முதல் காய்ப்புப் படத்தையும் இன்னொருவர் இரண்டாம் காய்ப்புப் படத்தையும் வைத்துக்கொண்டு சண்டை போட்டால் இரண்டு பேரும் ஒரே மரத்தைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பதே தெரியாமல் போகும். சிறிய கன்றின் முதல் பழங்களை வைத்தும் முடிவு கட்டக்கூடாது, மரம் நிலைபெறும் வரை அளவும் ருசியும் மாறிக்கொண்டே இருக்கும்.

மகரந்தம் சேர்ந்ததா இல்லையா என்பதும் பழத்தை மாற்றிவிடுகிறது. வீடுகளில் வளர்ப்பவை பெரும்பாலும் மகரந்தமே தேவைப்படாத வகை. ஆனால் ஆண் அத்தியும், அதில் வாழ்ந்து மகரந்தத்தைக் கொண்டுவரும் சின்னஞ்சிறு குளவியும் இருக்கிற இடத்தில் அதே ரகத்தின் சதை இன்னும் அடர்ந்த நிறமாக, விதை மொறுமொறுவென்று வரும். ஸ்மிர்னா வகைக்கு இந்தக் குளவி இல்லாவிட்டால் காய் பழுக்காமல் உதிர்ந்துவிடும். டெஸர்ட் கிங் போன்றவை முதல் காய்ப்பைத் தானாகப் பழுக்க வைத்து, இரண்டாவதை உதிர்த்துவிடும். மரம் எந்தக் காயை உதிர்க்கிறது என்பதே ஒரு நல்ல அடையாளம். இது தெரியாததால் வந்த வம்பு பழைய வம்பு: 1880களில் துருக்கியிலிருந்து கலிபோர்னியாவுக்குக் கொண்டுபோன ஸ்மிர்னா மரங்கள் வளர்ந்தும் காயெல்லாம் உதிர்ந்தபோது, தங்களுக்குத் தப்பான குச்சியைத் தந்து ஏமாற்றிவிட்டார்கள் என்றே அங்கே பலர் சந்தேகப்பட்டார்கள். 1899இல் குளவி அங்கே நிலைத்த பிறகுதான் காய் உதிராமல் நின்று பழுத்தது. மரம் சரியான மரம்தான்.

பெயர்களின் நிலைமையோ இன்னும் மோசம். கடோட்டாவும் இத்தாலியின் டொட்டாட்டோவும் ஒன்றே. வயலட் டி போர்டோவுக்கு நெக்ரோன் என்றும் பெயர். கலிமிர்னா என்பது துருக்கியின் சாரி லோப். எதிர்ப்பக்கமும் உண்டு: இங்கிலாந்தில் பிரவுன் டர்க்கி என்று சொல்வதும் கலிபோர்னியாவில் அதே பெயரில் விளைவதும் ஒரே மரமல்ல. மேலே சொன்ன கான்டிட் 1955இல் அறுநூறுக்கும் மேற்பட்ட ரகங்களைத் தொகுத்து விவரித்தார், வாழ்நாளெல்லாம் அத்தியோடு இருந்த அவருக்கே ஒரே ரகத்தின் பல பெயர்களைப் பிரித்து எடுப்பது பெரிய வேலையாக இருந்திருக்கிறது. நெருங்கிய ரகங்களைக் கண்ணால் பிரிக்க முடியாத இடங்களும் உண்டு, அங்கே மரபணுச் சோதனைதான் வழி.

அதனால் எனக்கு ஓர் உறுதியான எண்ணம் உண்டு. பெயர் தெரியாத மரத்துக்கு யூகித்து ஒரு பிரபலப் பெயரை ஒட்டுவதைவிட, ‘பெயர் தெரியாது, இன்னாரிடமிருந்து இந்த வருடம் வந்த குச்சி’ என்று அட்டையில் எழுதிக் கொடுப்பது எவ்வளவோ மேல். அப்படிக் கொடுத்தால் பின்னால் யாராவது உறுதியாகக் கண்டுபிடிக்க இடம் இருக்கும். பெயரில்லாத மரமும் நல்ல பழம் தரும், அதை யாரும் குறைவாக நினைக்கத் தேவையில்லை.

அந்தப் பக்கத்தைத் திருத்தி இன்னொரு முறை போடுங்கள். ஒவ்வொரு ரகத்துக்கும் குறைந்தது நான்கு படம் வேண்டும்: நடுக்கிளையின் முற்றிய இலை, பக்கவாட்டில் காம்போடு பழம், அடியிலிருந்து கண், நீளவாக்கில் அறுத்த சதை. பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்துப் படம் எடுங்கள், எந்தக் காய்ப்பின் பழம், மரத்தின் வயது என்ன, வெயிலா நிழலா என்று கீழே எழுதுங்கள். இடம் போதாது என்றால் ரகங்களின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளுங்கள், படங்களைக் குறைக்க வேண்டாம்.

அன்புடன்,
அத்தி வளர்க்கும் ஒரு வாசகர்