மீன் தொழிற்சாலை அண்ணைமாரையும் கூப்பிடு

அன்புள்ள மகளுக்கு,

உன் மின்னஞ்சலை அப்பாவுக்கும் வாசித்துக் காட்டினேன். கல்விக்கும் பொதுமக்கள் நிகழ்ச்சிகளுக்கும் நீதான் பொறுப்பு என்றதும் அவருக்குப் பெருமை பிடிபடவில்லை. இப்போது வெள்ளவத்தை முழுக்கத் தெரியும், மகள் நோர்வேயில் கடல் நூதனசாலையில் பெரிய வேலை என்று. எனக்கும் பெருமைதான், பிள்ளை. ஆனால் நீ கடைசியில் எழுதியிருந்ததுதான் மனதில் நிற்கிறது. சின்ன நூதனசாலை, கையில் காசும் இல்லை ஆளும் இல்லை, வருவது கப்பல் பைத்தியமுள்ள வயதானவர்கள்தான், அந்த ஊரிலுள்ள எங்கள் தமிழ்ப் பிள்ளைகள் அந்தப் படியே மிதிப்பதில்லை, அது நோர்வேக்காரரின் கதை என்று விலகி நிற்கிறார்கள் என்று எழுதியிருந்தாய்.

இங்கேயும் அதே கதைதான். 1505இல் போர்த்துக்கேயர் வந்தார்கள், 1656இல் ஒல்லாந்தர் கொழும்பைப் பிடித்தார்கள், 1796இல் ஆங்கிலேயர். எங்கள் பிள்ளைகள் பாடமாக்குவது இதைத்தான். எல்லாக் கப்பலும் வெளியிலிருந்து வருகிறது, நாங்கள் கரையில் நின்று பார்க்கிறோம். இப்படிப் படித்த பிள்ளைக்குக் கடல் தன்னுடையது என்று எப்படித் தோன்றும்? அதனால்தான் நான் வகுப்பைக் கொழும்புத் தேசிய நூதனசாலைக்குக் கூட்டிப்போனால் முதலில் காலிக் கல்வெட்டுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்துவேன். சீனக் கடற்படைத் தளபதி செங் ஹோ 1409ஆம் ஆண்டுத் திகதியிட்டு நிறுவிய கல். 1911இல் காலியில் கண்டெடுத்தார்கள். சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழியிலும் எழுதியிருக்கிறது. தமிழ்ப் பகுதி தெனவரை நாயனார் என்ற தெய்வத்துக்குக் கொடுத்த காணிக்கைகளைச் சொல்கிறது. "ரீச்சர், இது எங்கட எழுத்தோ?" என்று ஒரு பிள்ளை கேட்டால் போதும், அன்றைக்கு நான் அதிகம் கதைக்கத் தேவையில்லை.

ஆனால் எனக்கு அதைவிடப் பிடித்த பாடம் நயினாதீவுக் கல்வெட்டு. உனக்கு நினைவிருக்கும், அந்தப் பாடம் நடக்கும் வாரங்களில் வீட்டில் தீப்பெட்டி ஒன்றும் மிஞ்சாது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் பராக்கிரமபாகு மன்னன் தமிழில் வெட்டுவித்தது. ஊர்காவற்றுறைத் துறைமுகத்துக்கு வருகிற பிறநாட்டு வணிகருக்குப் பாதுகாப்புச் சொல்லி, கப்பல் உடைந்தால் என்ன செய்வது என்றும் வகுத்திருக்கிறான். யானை, குதிரை ஏற்றிவந்த கப்பல் என்றால் நாலில் ஒரு பங்கு திறைசேரிக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. மற்றச் சரக்குக் கப்பல் என்றால் பாதிக்குப் பாதி.

இதை நான் வாசித்துக் காட்டுவதில்லை. வாங்கு மேசைகளை ஒதுக்கிவிட்டு, நிலத்தில் சோக்கால் தீவுகளை வரைவோம். தீப்பெட்டிகள்தான் யானையும் குதிரையும், புளியங்கொட்டை மிளகும் மற்றச் சரக்கும். ஒருவன் கப்பல்காரன், ஒருத்தி மன்னனின் அதிகாரி, மற்றவர்கள் ஊர்ச்சனம். கப்பல் பாரில் மோதி உடைந்துவிட்டது, சரக்கு யாருக்கு? அவ்வளவுதான் நான் சொல்வது. அதற்குப் பிறகு வகுப்பில் நடக்கிற சண்டை இருக்கிறதே! கரையில் ஒதுங்கியது கண்டவனுக்கு என்பார்கள், உயிரைக் கொடுத்து இழுத்தவனுக்கு என்பார்கள். ஒரு கெட்டிக்காரி, "யானை தானாக நீந்தி வரும், மிளகை நாங்கள்தான் பொறுக்க வேணும், அதனால்தான் பங்கு வித்தியாசம்" என்றாள். இன்னொருவன், மன்னனுக்குச் சண்டைக்குக் குதிரை வேணும், கூடப் பிடுங்கினால் அடுத்த முறை கப்பல் வேறு துறைக்குப் போய்விடும் என்றான். எல்லோரும் சொல்லி முடிந்தபிறகுதான் கல்வெட்டை எடுப்பேன். யானையிலும் குதிரையிலும் தனக்குப் பிரியம் என்று மன்னனே காரணத்தையும் சொல்லி வைத்திருக்கிறான். தன் ஊகத்தோடு அதை ஒப்பிட்டுப் பார்க்கிற பிள்ளையின் முகம் வேறு, மகள்.

உன் நூதனசாலையிலும் இப்படி ஒரு வழக்குக் கட்டாயம் இருக்கும். உடைந்த கப்பலோ, மீன் பங்கு பிரித்த கணக்கோ, கூலிச் சண்டையோ, தேடிப் பிடி. பிள்ளைகள் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் வரிசையாக நின்று விளக்கச் சீட்டைக் கொப்பியில் பார்த்தெழுதுகிற சுற்றுலாக்கள் எத்தனையோ பார்த்துவிட்டேன். பஸ்ஸில் ஏறியதும் அவர்களுக்கு ஞாபகம் இருப்பது ஐஸ்கிறீம் மட்டும்தான்.

அப்புறம், முக்கியமான விஷயம். எண்பதுகளில் எங்கள் ஆட்கள் வட நோர்வேயில் மீன் தொழிற்சாலைகளில் வேலைக்கு நின்றவர்கள். உன் ஊரிலும் அப்படிப்பட்ட அண்ணைமார், அக்காமார் இருக்கிறார்கள் என்று நீயே சொல்லியிருக்கிறாய். அவர்களைக் கூப்பிடு. சோறு, வடை, பரதநாட்டியத்தோடு "தமிழர் தினம்" ஒன்று வைத்துவிட்டு அனுப்பிவிடாதே, அதில் எனக்குச் சம்மதமில்லை. நூதனசாலையின் மீன் வெட்டும் கத்தியை அவர்கள் கையில் கொடு. எந்தச் சரிவில் பிடித்தால் முள்ளில் சதை ஒட்டாமல் வரும், குளிரில் விரல் மரத்துப்போனால் என்ன செய்வார்கள், எந்த நேரத்தில் பெல்ற் ஓடத் தொடங்கும் என்று அவர்கள் சொல்லட்டும். நோர்வேப் பிள்ளைகளும் எங்கள் பிள்ளைகளும் சேர்ந்து இருந்து கேட்கட்டும். அந்தக் கரையின் சரித்திரத்தில் ஒரு பங்கு அவர்கள் கையால் நடந்தது. தன் அப்பாவை அங்கே ஆசிரியராகப் பார்க்கிற பிள்ளை அடுத்த கிழமை கூட்டாளியையும் கூட்டிக்கொண்டு வரும். அதற்கான கொடுப்பனவையும் கேட்டு வாங்கிக் கொடு, சும்மா வரச்சொல்லாதே.

பாடசாலை ஆசிரியர்களைப் பற்றியும் சொல்லவேணும். வகுப்பு வருமா வராதா என்று தீர்மானிப்பது அவர்கள்தான். முதலில் அவர்களை மட்டும் ஒரு பின்னேரம் தேத்தண்ணிக்குக் கூப்பிடு. நிகழ்ச்சி எவ்வளவு நல்லது என்று விளக்குவதற்கு முன்னால், பஸ் எங்கே நிற்கும், கழிவறை எத்தனை, மழை வந்தால் பிள்ளைகள் எங்கே இருந்து சாப்பிடுவார்கள் என்று சொல்லிவிடு. எனக்கு இந்த மூன்றுக்கும் பதில் தந்த இடங்களுக்குத்தான் நான் திரும்பத் திரும்பப் போனேன்.

பொதுமக்கள் நிகழ்ச்சிக்கு ஒரு யோசனை. 2021 மே மாதம் கொழும்புக்கு வெளியே எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்ததே, ஏறத்தாழ 1,680 தொன் பிளாஸ்ரிக் குருணை அதில் இருந்தது. நீர்கொழும்புப் பக்கம் கரையெல்லாம் பனி கொட்டியதுபோல் வெள்ளையாகக் கிடந்தது. 2020இல் ஒஸ்லோ பக்கக் கடற்கரைகளிலும் இதேபோல் குருணை ஒதுங்கியது. இரண்டு கரைகளையும் சேர்த்து ஒரு மாலைப் பேச்சு வைக்கலாம். அரிதட்டை எடுத்துக்கொண்டு கரையில் மணல் அரித்துப் பார்ப்பதையும் சேர்த்துக்கொள், பெரியவர்களுக்கும் கைக்கு வேலை வேணும்.

நீ எழுதியிருந்த கட்டுமரம் கட்டும் பயிற்சிக்கு அப்பா முழு மூச்சாக ஆதரவு. ஆணி இல்லை, கயிறுதான் எல்லாம், கரைக்கு வந்ததும் அவிழ்த்துக் காயவைக்கலாம் என்பதைப் பிள்ளைகளே கட்டி அவிழ்த்துப் பார்க்கட்டும். சின்ன மரத்துண்டுகள் அங்கேயே எடுத்துக்கொள்வாய். தும்புக் கயிற்றைப் புறக்கோட்டையில் வாங்கி, அடுத்த மாதம் வருகிற சித்தியிடம் கொடுத்துவிடுகிறேன். பிள்ளைகளுக்கு என்ன வயது, எவ்வளவு தடிப்பில் கயிறு வேணும் என்று ஞாயிற்றுக்கிழமை போன் எடுக்கும்போது சொல்லு. அப்பா சனிக்கிழமையே போய் வாங்கத் துடிக்கிறார், நான்தான் பிடித்து வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா