ஓலை வாசித்த அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு நன்றி

கர்த்தருக்குள் அன்பானவர்களுக்கு ஸ்தோத்திரம்.

என் முதல் நாவல் அச்சாகி வந்துவிட்டது. 61 வயது பாக்கியத்துக்கும் 66 வயது ஞானசிகாமணிக்கும் நடுவில் மலர்ந்த அன்பின் கதை. பாக்கியம் கணவரை இழந்தவள், வீடு பாளையங்கோட்டையில். ஞானசிகாமணி மனைவியை இழந்தவர், நாசரேத்தில் மருந்துக்கடை வைத்திருந்தவர். புத்தகத்தின் முன்பக்கத்தில் பெயர் போட்டு நன்றி சொல்லலாம் என்று கேட்டபோது, பலரும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவர்கள் என்னிடம் சொன்னதெல்லாம் வீட்டு விஷயம், அதனால் அந்தத் தயக்கம் நியாயமானதுதான். 'உதவிய அனைவருக்கும் நன்றி' என்று ஒரே வரியோடு முடித்துவிட்டேன். அந்த வரியைப் பார்க்கும்போதெல்லாம் மனசு உறுத்துகிறது. பெயரைச் சொல்லாமலே யார் என்ன செய்தார்கள் என்று சொல்லலாமே என்றுதான் இந்த மடலை எழுத உட்கார்ந்தேன்.

முதல் நன்றி ஓர் அம்மாவுக்கு. ஞாயிறு ஆராதனையில் ஓலை, அதாவது இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்ற அறிவிப்பு, வாசித்தார்கள். வழக்கமாக அந்த நேரத்தில் நான் அடுத்த பாட்டைப் பாமாலையில் தேடிக்கொண்டிருப்பேன். அன்றைக்கு 'தபுதாரர்' (மனைவியை இழந்தவர்), 'விதவை' என்ற இரண்டு சொற்கள் காதில் விழுந்ததும் நிமிர்ந்து பார்த்தேன். மணப்பெண் எனக்கு இரண்டு வரிசை முன்னால்தான் இருந்தார்கள். அறுபதைத் தாண்டியவர்கள். கையில் இருந்த பாமாலைப் புத்தகத்தின் ஓரத்தைப் பெருவிரலால் தடவிக்கொண்டே இருந்தார்கள். பின்னால் யாரோ இரண்டு பேர் லேசாகச் சிரித்தார்கள். அந்த விரல் நின்றது. 'தடை அறிந்தவர்கள் தெரிவிக்கலாம்' என்று எங்கள் போதகர் ஐயர் வாசித்து முடிக்கிற வரைக்கும் அப்படியே நின்றது. அப்புறம் மெதுவாக மறுபடியும் தடவ ஆரம்பித்தது. அவ்வளவுதான் நான் பார்த்தது. வீட்டுக்கு வந்தும் அந்த விரல் என்னை விடவில்லை.

ஓலை மூன்று ஞாயிறு வாசிப்பார்கள். அடுத்த இரண்டு ஞாயிறும் அவர்கள் அதே இடத்தில்தான் உட்கார்ந்தார்கள். அந்தத் தைரியத்தில்தான் என் பாக்கியம் பிறந்தாள்.

ஆறு மாதம் கழித்து, மிகவும் தயங்கி, அவர்கள் வீட்டுக்குப் போனேன். "கதை எழுதப் போறேம்மா, உங்க கதை இல்ல, ஆனா உங்க மாதிரி ஒருத்தங்க கதை" என்றேன். கதவைச் சாத்தியிருந்தாலும் நான் குறை சொல்லியிருக்க மாட்டேன். உள்ளே கூப்பிட்டு முந்திரிக்கொத்து வைத்தார்கள். பழைய தாலியை என்ன செய்தீர்கள் என்று கேட்க எனக்கு நாக்கு எழவில்லை. அவர்களே சொன்னார்கள், ஆசாரியிடம் கொடுத்து உருக்கிப் பேத்திக்குக் கம்மல் செய்துவிட்டார்களாம். "அவ காதுல கிடக்கு, நான் பாத்துக்கிட்டேதான் இருக்கேன்" என்றார்கள்.

எல்லாவற்றையும்விட என்னை அசைத்தது காப்பி விஷயம். முதல்முறை இரண்டு குடும்பமும் சந்தித்தபோது, மாப்பிள்ளையான அந்த ஐயா, "உங்களுக்குக் காப்பியில சீனி எவ்வளவு?" என்று கேட்டாராம். அந்த அம்மாவுக்குப் பதில் வரவில்லை. "முப்பத்தி நாலு வருஷம் எல்லாருக்கும் ஊத்தினது போக மிச்சத்தைத்தான குடிச்சேன். அதுல சீனி கிடந்தா கிடக்கும், இல்லாட்டி இல்ல. எனக்கு எவ்வளவு வேணும்னு எனக்கே தெரியலயே பிள்ள" என்றார்கள். நாவலின் ஒன்பதாம் அத்தியாயம் முழுவதும் இந்த ஒரு கேள்விதான். படித்தவர்கள் எல்லாரும் அந்த அத்தியாயத்தைத்தான் சொல்கிறார்கள். அந்தப் பாராட்டு உங்களுக்குச் சேரவேண்டியது அம்மா.

அடுத்து கருவூலத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அண்ணாச்சிக்கு. என் முதல் பிரதியில் பாக்கியம் கல்யாணம் செய்துகொண்டு, கணவர் வழியாக வரும் குடும்ப ஓய்வூதியத்தையும் தொடர்ந்து வாங்கிக்கொண்டிருந்தாள். அண்ணாச்சி படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "அம்மா, மறுமணம் ஆன அன்னைக்கோட இது நின்னுரும்" என்றார். தமிழ்நாடு ஓய்வூதிய விதிகள், 1978 அப்படித்தான் சொல்கிறது. விதவைக்கு அந்தப் பணம் இறப்பு வரைக்கும், அல்லது மறுமணம் வரைக்கும்தான். கணவர் கடைசியாக வாங்கிய சம்பளத்தில் 30 சதவீதம், அதன்மேல் அகவிலைப்படி என்று வருவது பெரிய தொகை ஒன்றும் இல்லை. ஆனால் சொந்தச் சம்பாத்தியம் இல்லாத பெண்ணுக்கு மாதாமாதம் தன் பெயரில் வருகிற ஒரே பணம் அது. பிள்ளைகளிடம் கை நீட்டாமல் இருப்பதற்கான பணம்.

என் கதை அங்கேயே உடைந்துவிட்டது என்று நினைத்தேன். அண்ணாச்சிதான் அதை மறுபடி எடுத்துக் கொடுத்தார். வருஷா வருஷம், ஆள் உயிரோடு இருப்பதை உறுதி செய்யும் நேர்காணலுக்குக் கருவூலத்துக்கு வரும்போது குடும்ப ஓய்வூதியதாரர்கள் 'மறுமணம் செய்துகொள்ளவில்லை' என்றும் உறுதி தந்து கையெழுத்துப் போட வேண்டும். "எத்தனையோ பேரு அந்த வரியைப் படிக்காமலே போட்டுட்டுப் போவாங்க. ஒருசிலர் மட்டும் அதைப் படிப்பாங்க. படிக்கும்போது முகம் ஒரு மாதிரி ஆகும். நான் வேற பக்கம் பாத்துக்குவேன்" என்றார். வேறு பக்கம் பார்த்துக்கொண்ட அந்த மனசுக்கு நான் என்ன கைம்மாறு செய்ய முடியும்? பன்னிரண்டு வருஷம் படிக்காமல் கையெழுத்துப் போட்ட பாக்கியம், பதின்மூன்றாவது வருஷம் அந்த வரியைப் படித்துவிட்டுப் பேனாவை வைத்தபடி நிற்கிற காட்சி இப்படித்தான் வந்தது. ஞானசிகாமணியிடம் அவள் இன்னும் ஒரு வார்த்தைகூடச் சொல்லியிருக்க மாட்டாள். ஆனால் மனசில் என்ன இருக்கிறது என்பது அந்தக் கருவூலக் கவுண்டர் முன்னால்தான் அவளுக்கே தெரிகிறது.

வக்கீலாக இருக்கும் என் சித்தி மகளுக்கும் இதே அளவு கடன்பட்டிருக்கிறேன். கதையில் ஞானசிகாமணியின் மகள், வீடு புது ஆளுக்குப் போய்விடுமோ என்று பயப்படுகிறாள். அவளைச் சமாதானப்படுத்த அவர் கல்யாணத்துக்கு முந்தின வாரம் வீட்டை மகள் பெயருக்கு உயில் எழுதிப் பதிவு செய்கிறார். எல்லாரும் நிம்மதியாகக் கோயிலுக்குப் போகிறார்கள். இப்படி எழுதியிருந்தேன். சித்தி மகள் போனில் சிரிக்காமல் சொன்னாள்: "அக்கா, தாலி கட்டின நிமிஷம் அந்த உயில் செல்லாது." 1925-ஆம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டம், 69-ஆம் பிரிவு. உயில் எழுதியவர் கல்யாணம் செய்துகொண்டால் அதற்கு முன் எழுதிய உயில் ரத்தாகிவிடும். இந்துக்களின் உயிலுக்கு இது பொருந்தாது, நமக்குப் பொருந்தும். புதிதாக எழுதாமலே அவர் காலமானால் சொத்தில் மூன்றில் ஒரு பங்கு மனைவிக்கு, மீதி பிள்ளைகளுக்கு. நம் சபைகளில் இந்த வயதில் கல்யாணம் செய்கிற எத்தனை பேருக்கு இது தெரியும்? எனக்குத் தெரியாது. தெரிந்த நாளிலிருந்து பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கதைக்கு இது வரமாக அமைந்தது. இப்போது வந்திருக்கும் நாவலில், கல்யாணம் முடிந்த அடுத்த வாரம் பாக்கியம்தான் ஞானசிகாமணியைச் சார்பதிவாளர் அலுவலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போகிறாள். தன் ஓய்வூதியத்தை விட்டுவிட்டு வந்தவள், வீட்டை அவர் மகளுக்கு மறுபடி எழுதிக் கொடுக்கச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். தனக்கு அந்த வீட்டில் கடைசிவரை குடியிருக்கும் உரிமை மட்டும் போதும் என்கிறாள். அந்த வரியை உயிலில் சேர்க்கச் சொல்லி அவர் மகள்தான் பிடிவாதம் பிடிக்கிறாள். நான் எழுதியதிலேயே மிகுந்த காதலான காட்சி அதுதான் என்று நம்புகிறேன். சட்டம் தெரிந்த ஒரு தங்கை இல்லாவிட்டால் அது இல்லை.

பெண்கள் ஐக்கிய சங்கத்து அக்காமாருக்கு நன்றி. வெள்ளிக்கிழமை ஜெபம் முடிந்தபிறகு கருப்பட்டிக் காப்பியோடு உட்கார்ந்து, நான் வாசிக்க வாசிக்கக் கேட்டார்கள். பாக்கியம் ஒரே இரவு முழங்கால்படியிட்டு ஜெபித்து, விடியற்காலையில் சமாதானமும் பதிலும் பெற்று எழுந்திருக்கிற இடத்தில், மூத்த அக்கா ஒருவர் கையைத் தூக்கினார்கள். "ஒரே ராத்திரியிலயா? எனக்குப் பதினோரு வருஷம் ஆச்சு" என்றார்கள். எந்த ஜெபத்துக்கு என்று யாரும் கேட்கவில்லை. அறையில் அப்படி ஓர் அமைதி. அன்றைக்கு வீட்டுக்கு வந்து அந்த அத்தியாயத்தை எடுத்துவிட்டேன். இப்போது பாக்கியம் நாவலின் பாதிவரைக்கும் பதில் கிடைக்காமலே ஜெபிக்கிறாள். சில நாள் ஜெபிக்கவும் முடியாமல் வேதப்புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறாள். அக்கா, அந்தப் பக்கங்கள் உங்களுடையவை.

எங்கள் ஐயருக்கு. வேதத்தில் விதவையான ரூத்தையும் அவளை மணந்த போவாசையும் மட்டுமே நான் பிடித்துக்கொண்டிருந்தேன். அவர் ஆதியாகமம் 25-ஆம் அதிகாரத்தைத் திறந்து காட்டினார். சாராளை மக்பேலா குகையில் அடக்கம் பண்ணிய ஆபிரகாம் கேத்தூராளை விவாகம் செய்கிறார், அதுவும் மகன் ஈசாக்குக்கு ரெபெக்காளைக் கட்டிக் கொடுத்ததைச் சொல்லி முடித்த கையோடு. மகனின் கல்யாணம் ஓர் அதிகாரம், தகப்பனின் கல்யாணம் அடுத்த அதிகாரம். எத்தனை முறை வாசித்தும் நான் கவனிக்காமல் போன இடம் அது. ஞானசிகாமணியின் மகள் கடைசியில் தன் அப்பாவுக்கு வாசித்துக் காட்டுவது அந்த இடத்தைத்தான்.

பாக்கியமும் ஞானசிகாமணியும் வேறு வேறு திருமண்டலம் (ஒரு பேராயரின் கீழ் வரும் சபைகள்) என்பதால் ஓலை இரண்டு இடத்திலும் வாசிக்கப்பட வேண்டும் என்று நினைவுபடுத்தியதும் ஐயர்தான். 2003-இல் தூத்துக்குடி–நாசரேத் தனித் திருமண்டலமாகப் பிரிந்தது எனக்குத் தெரியும், கதையில் அதைக் கொண்டுவரத்தான் தோன்றவில்லை. அதனால் என் பாக்கியத்தின் பெயரை, அவள் முகத்தையே பார்த்திராத நாசரேத் சபையிலும் வாசிக்கிறார்கள்.

தாய் இறந்தபிறகு தகப்பன் மறுமணம் செய்துகொண்ட ஒரு தம்பி, தன் கோபத்தை ஒளிக்காமல் என்னிடம் சொன்னான். சாப்பாட்டு மேசையில் அம்மா உட்காரும் நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்ததைப் பார்த்துவிட்டு, சாப்பிடாமலே எழுந்து போனானாம். அந்த வீட்டுக்கு மறுபடி போக இரண்டு கிறிஸ்துமஸ் ஆனதாம். பிள்ளைகளைக் கல்நெஞ்சக்காரர்களாக எழுதியிருந்தேன் தம்பி. நீ பேசியதற்குப் பிறகு அப்படி எழுத முடியவில்லை. உன்னிடம் மன்னிப்பும் கேட்டுக்கொள்கிறேன்.

திருச்செந்தூர் லைனில் தினமும் போய்வரும் கல்லூரிப் பிள்ளைக்கும் நன்றி. ஞானசிகாமணி பாக்கியத்தைப் பார்க்க நாசரேத்தில் ரயில் ஏறுகிறார். நான் செய்துங்கநல்லூரை முதலில் போட்டு ஸ்ரீவைகுண்டத்தைப் பின்னால் போட்டிருந்தேன். ஆழ்வார்திருநகரி, ஸ்ரீவைகுண்டம், செய்துங்கநல்லூர், அப்புறம் பாளையங்கோட்டை என்று அவன் ஒழுங்காக எழுதிக் கொடுத்தான். வலதுபக்க ஜன்னலா இடதுபக்க ஜன்னலா என்றுகூடக் கேட்டான். அந்த ஊர்க்காரர்கள் படிக்கும்போது தப்பு இருக்கக்கூடாது என்ற அக்கறை அது.

ஒரு பதிப்பகம் நாயகியின் வயதை நாற்பதாகக் குறைத்தால் போடலாம் என்று சொன்னது. அதற்கு நான் சம்மதித்துவிடாமல் பிடித்து நிறுத்தியது என் வீட்டுக்காரர். "நாற்பதுன்னா அவ கவுண்டர்ல நிக்கிற சீன் எங்க?" என்று கேட்டார். சீட்டுப் பணத்தை எடுத்துத் தந்து, நாமே போடுவோம் என்றதும் அவர்தான். டைப் செட்டிங் செய்த தம்பி, பிழை திருத்திய டீச்சர், அட்டைக்குக் கோயில் வாசல் வேப்பமரத்தைப் படம் பிடித்த பிள்ளை, எல்லாருக்கும் நன்றி.

முதல் பிரதியை அந்த அம்மாவிடம்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்புரை ஆபரேஷன் ஆகியிருப்பதால் அவர்களால் இப்போது படிக்க முடியவில்லை. ராத்திரி சாப்பாடு முடிந்ததும் அந்த ஐயா ஒரு நாளைக்கு ஓர் அத்தியாயம் சத்தமாக வாசித்துக் காட்டுகிறாராம். நேற்று போன் பண்ணினேன். எட்டாவது முடிந்துவிட்டதாம்.