அப்பத்தாவின் வெள்ளி ரூபாய்

புதுக்கோட்டை,
ஞாயிற்றுக்கிழமை இரவு

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று போனில் நீ பேசியது இன்னும் காதிலேயே நிற்கிறது. "இனிமே அந்தப் பக்கமே போக மாட்டேம்மா" என்றாய். பெங்களூரில் காசு சேகரிக்கிறவர்கள் கூடுகிற இடத்தைத் தேடிக் கண்டுபிடித்து, லீவு நாளில் இரண்டு பஸ் மாறிப் போயிருக்கிறாய். அப்பத்தாவின் வெள்ளி ரூபாயை மேசைமேல் வைத்து, "இது எவ்வளவு சார் போகும்?" என்று கேட்டிருக்கிறாய். ஒருத்தர் கையில் வாங்கி ஒரு திருப்புத் திருப்பிப் பார்த்து, "வளையம் பத்த வெச்ச காசும்மா. வெள்ளி விலைதான் வரும்" என்று சொல்லித் திருப்பி வைத்துவிட்டார். பக்கத்தில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நீ சொல்லும்போது உன் குரல் உள்ளே போனது எனக்குத் தெரிந்தது. சின்ன வயசில் பள்ளிக்கூடம் விட்டு வந்து பையை மூலையில் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் உட்காருவாயே, அந்தக் குரல்.

போனில் ஆறுதலாக நாலு வார்த்தை சொன்னேன். போதவில்லை என்று வைத்தவுடனே தோன்றியது. அதனால் எழுதுகிறேன்.

திருச்சியில் காசு சேகரிக்கிறவர்கள் மாதாமாதம் கூடுகிற கூட்டத்துக்கு நான் முதல் தடவை போன கதையை உன்னிடம் பாதிதான் சொல்லியிருக்கிறேன். மீதியை மறைத்துவிட்டேன். ஓய்வு பெற்ற மூன்றாம் மாதம், பரண் ஒழிக்கும்போது அப்பத்தாவின் சுருக்குப்பை கிடைத்தது. உள்ளே இந்த ரூபாயோடு கறுப்புப் பிடித்த சின்னச் சின்னச் செம்புக் காசுகள், சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிசு. நாற்பது இருக்கும். அம்மன் காசு என்று உங்கப்பா சொன்னார். நம்ம தொண்டைமான் மன்னர்கள் காலத்துக் காசு. ஒரு பக்கம் திருக்கோகர்ணத்து பிரகதாம்பாள் உட்கார்ந்திருப்பாள். நவராத்திரியில் அரிசியோடு சேர்த்து இந்தக் காசையும் ஜனங்களுக்கு அரண்மனையில் கொடுப்பார்கள். சமஸ்தானம் 1948இல் இந்தியாவோடு சேர்கிற வரைக்கும் இந்த ஊரில் அம்மன் காசு தெரியாத வீடு கிடையாது. அப்பத்தா சின்னப் பிள்ளையாக வரிசையில் நின்று வாங்கிய காசும் அதில் இருக்கும் என்றே நினைக்கிறேன்.

கூட்டத்துக்கு முதல் நாள் ராத்திரி நான் என்ன செய்தேன் தெரியுமா? நாலு பேர் பார்க்கிற இடத்துக்கு அழுக்காகவா கொண்டு போவது என்று, புளியைக் கரைத்து ஊற வைத்து, தேங்காய் நாரால் ஒவ்வொரு காசாகத் தேய்த்தேன். விளக்கு வெள்ளிக்கிழமை துலங்குமே, அப்படித் துலங்கியது. ஒரு வெள்ளைத் துணியில் முடிந்து எடுத்துப் போனேன். மனசெல்லாம் பெருமை.

அங்கே ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் இருந்தார். துணியைப் பிரித்தேன். அவர் கை நீட்டியது அப்படியே நின்றுவிட்டது.

"எல்லாத்தையும் கழுவிட்டீங்களா?"

"ஆமா சார், ஒரே அழுக்கா இருந்துச்சு."

அவர் திட்டவில்லை. தன் ஆல்பத்தைத் திறந்து, அட்டைச் சட்டத்துக்குள் இருந்த ஒரு அம்மன் காசை எடுத்து என்னுடையதற்குப் பக்கத்தில் வைத்தார். லென்ஸைக் கையில் கொடுத்தார். அவருடைய காசு கருப்பட்டி நிறம். அந்தக் கருப்புக்குள் அம்மனின் கிரீடம், கை, மடித்த கால் எல்லாம் தனித்தனியாகத் தெரிந்தன. என்னுடையது ஈறு மாதிரி வெளிறிய சிவப்பு. முகம் இருந்த இடம் மழுங்கிக் கிடந்தது. கோடு கோடாக நார் இழுத்த தடம்.

"இது அழுக்கு இல்லம்மா. செம்போட தோலு. நூறு வருஷமா அதுவா போட்டுக்கிட்டது. இனிமே வராது" என்றார்.

பஸ்ஸில் வரும்போது கீரனூர் தாண்டுகிற வரைக்கும் அழுதேன். முப்பத்தொரு வருஷம் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்தவள், ஒரு காசைப் பிடிக்கத் தெரியாமல் நின்றேனே என்று. அப்பத்தா அறுபது வருஷம் பத்திரமாக வைத்திருந்ததை ஒரே ராத்திரியில் நான் கெடுத்தேனே என்கிற வலி அதைவிடப் பெரிசு. இதைத்தான் உன்னிடம் சொல்லவில்லை.

அடுத்த மாதம் போயிருக்கவே மாட்டேன். ஆனால் சுருக்குப்பையைத் துவைக்கப் போட எடுத்தபோது, அடித் தையலுக்குள் ஏதோ தடித்துக் கையில் பட்டது. தையலைப் பிரித்தேன். மூன்று காசுகள். புளித் தண்ணீர் படாத மூன்று காசுகள். அவற்றை எடுத்துக்கொண்டு போனேன். இந்தத் தடவை விளிம்பில் இரண்டு விரலால் பிடித்து, கீழே துணி விரித்து, மெதுவாக வைத்தேன். பெரியவர் பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்க" என்றார். பின்பக்கத்தில் இருந்த கிறுக்கல் என்னவென்று கேட்டேன். தெலுங்கு எழுத்து, "விஜய" என்று எழுதியிருக்கிறது என்று ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துக் காட்டினார். பிறந்ததிலிருந்து இந்த ஊரில் இருக்கிறேன், இந்தக் காசில் என்ன எழுதியிருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

இனி நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். "எவ்வளவு போகும்" என்று கேட்டது தப்பில்லை. எல்லாரும் முதலில் அதைத்தான் கேட்கிறோம். ஆனால் அந்த மேசைக்குப் பின்னால் இருக்கிறவர்களின் பக்கமும் கொஞ்சம் உட்கார்ந்து பாரு. 2012இல் வந்த வைஷ்ணோதேவி ஐந்து ரூபாய்க் காசு, பழைய டிராக்டர் படம் போட்ட ஐந்து ரூபாய் நோட்டு, இதெல்லாம் பல லட்சம் போகும் என்று ஊர் முழுக்கப் பேச்சு. அதை நம்பி வருகிறவர்கள் ஒவ்வொரு மாதமும் பத்து பேராவது. இல்லை என்று சொன்னால், "நீங்க குறைச்சுச் சொல்லி வாங்கப் பாக்குறீங்க" என்று சண்டை. இதில் பணம் இழந்தவர்களும் உண்டு. வாங்கிக்கொள்கிறோம், முதலில் வரியும் கமிஷனும் கட்டுங்கள் என்று ரிசர்வ் வங்கியின் பெயரையே சொல்லிக் கறந்திருக்கிறார்கள். 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியே, எங்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ஏமாறாதீர்கள் என்று அறிக்கை விட்டது. அத்தனையும் கேட்டுக் கேட்டு அலுத்தவர்கள் உன் முகத்தைப் பார்க்காமல் கேள்வியை மட்டும் பார்த்துவிட்டார்கள். அவர்கள் பேசிய விதம் சரி என்று நான் சொல்லவில்லை. புதிதாக வருகிற பிள்ளையிடம் இன்னும் இரண்டு வார்த்தை சேர்த்துப் பேசியிருக்கலாம். எனக்கு அது வருத்தம்தான்.

நானும் ஏமாந்திருக்கிறேன். ஒரு கோயில் வாசலில் ஒருவரிடம் 1,500 ரூபாய் கொடுத்து ஒரு பெரிய செம்புக் காசு வாங்கினேன். ஒரு பக்கம் கிழக்கிந்தியக் கம்பெனி, அரை அணா, 1818 என்று இங்கிலீஷில். மறுபக்கம் ராமர் பட்டாபிஷேகம். கூட்டத்தில் எடுத்து வைத்ததும் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. கம்பெனி இப்படி ஒரு காசு அடிக்கவே இல்லை, பக்தர்களிடம் விற்பதற்காகப் பின்னாளில் யாரோ அடித்த வில்லை என்றார்கள். "கம்பெனி சாமி படம் போட்டதே இல்லையா சார்?" என்று கேட்டேன். கேட்டது நல்லதாகப் போயிற்று. மதராஸில் கம்பெனி அடித்த பகோடா என்கிற தங்கக் காசில் சாமி உருவம் உண்டு, நம்ம ஜனங்கள் கை நீட்டி வாங்க வேண்டும் என்று அப்படி அடித்தார்கள் என்று ஒருத்தர் புத்தகத்தில் படம் எடுத்துக் காட்டினார். 1,500 ரூபாய்க்கு அதைக் கற்றுக்கொண்டேன் என்று வைத்துக்கொள். அந்த வில்லையை இன்னும் தனியாக வைத்திருக்கிறேன், புதிதாக யாராவது வந்தால் காட்ட.

அந்தக் கூட்டத்தில் எனக்கு ஓர் இடம் கிடைத்தது ராஜராஜன் காசால்தான். ஒரு பக்கம் நிற்கிற ஆள், மறுபக்கம் உட்கார்ந்த ஆள், பக்கத்தில் எழுத்து. தமிழாசிரியை அல்லவா, ஆசையாகப் படிக்கப் போனேன். ஒரு எழுத்தும் பிடிபடவில்லை. நாகரி எழுத்தில் "ஸ்ரீ ராஜராஜ" என்று இருக்கிறதாம். பெரிய கோயில் சுவரெல்லாம் தமிழில் வெட்டி வைத்தவன் காசில் ஏன் நாகரி போட்டான் என்று சத்தமாகவே கேட்டேன். அவ்வளவுதான், ஆளுக்கொரு காரணம். வடக்கே வரைக்கும் பேர் தெரிய வேண்டும் என்றார் ஒருத்தர். கடல் தாண்டிய வியாபாரம் என்றார் இன்னொருத்தர். டீ ஆறிப் போனது. யாரும் முடிவு சொல்லவில்லை, ஆனால் அன்றைக்குப் பிறகு எனக்காக ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது. அதற்கப்புறம் தமிழ் எழுத்து உள்ள காசாகத் தேடிச் சேர்க்க ஆரம்பித்தேன். பிரெஞ்சுக்காரர்கள் அடித்த புதுச்சேரிச் செம்புக் காசில் தமிழிலேயே "புதுச்சேரி" என்று இருக்கிறது, பாப்பா. அதை முதலில் படித்தபோது உடம்பு சிலிர்த்தது.

இப்போது உன் ரூபாய். அவர் சொன்னது உண்மைதான். மேல் விளிம்பில் ஒரு சின்னத் தழும்பு மாதிரி இருக்கும், விரலால் தடவிப் பாரு. ஆசாரி வளையம் பற்றவைத்த இடம். சேகரிக்கிறவர்களுக்கு அது குறை. ஆனால் அந்த வளையம் ஏன் வந்தது என்று அவருக்குத் தெரியாது. அப்பத்தாவுக்கு முன்னால் பிறந்த இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. இவள் பிறந்ததும் அவளுடைய ஆத்தா வீட்டில் இருந்த ஒரே வெள்ளி ரூபாயை வளையம் வைத்துக் கறுப்புக் கயிற்றில் கோத்து இவள் கழுத்தில் கட்டினாளாம். வளையம் தேய்ந்து அறுந்த பிறகுதான் அது சுருக்குப்பைக்குள் போனது. நான் கல்யாணமாகி வந்த புதிதில், முறுக்குப் பிழிந்துகொண்டே அப்பத்தா இதைச் சொன்னாள். உன்னிடம் சொல்லாமல் விட்டது என் தப்பு. சொல்லியிருந்தால் நீ விலை கேட்டிருக்க மாட்டாய்.

இன்னொன்று. அதில் 1862 என்று இருக்கும். அதை அப்படியே நம்பிவிடாதே. 1862 முதல் 1874 வரைக்கும் அடித்த ரூபாய் எல்லாவற்றிலும் 1862 என்றுதான் போட்டார்கள். காசு அடிக்கிற இடங்களில் பம்பாய் மின்ட்டில் மட்டும், எந்த வருஷம் அடித்தது என்று தெரிவதற்காகப் பின்பக்கத்தில் கடுகைவிடச் சின்னதாகப் புள்ளிகள் வைத்தார்கள். முதலில் தராசில் வை. புதிதாக அடித்தபோது 11.66 கிராம். கழுத்தில் கிடந்து தேய்ந்தது, கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும். ஒரு காந்தத்தையும் பக்கத்தில் கொண்டு போய்ப் பாரு, ஒட்டக் கூடாது. கடையில் கொடுக்கிற மெல்லிய பிளாஸ்டிக் உறையில் போடாதே, நாள்பட்டால் பச்சைப் பிசுக்கு விடும். எதை வைத்தும் துடைக்காதே. உனக்கு நான் இதைச் சொல்ல வேண்டியதில்லை, என் நாற்பது காசைப் பார்த்தவள் நீ.

அடுத்த ஞாயிறு அந்த இடத்துக்கு மறுபடி போ. அதே ஆளிடமே போ. விலை கேட்காதே. "சார், இது பம்பாயா, கல்கத்தாவா? புள்ளி எங்க பாக்கணும்?" என்று கேள். லென்ஸ் அவரிடம் இருக்கும். 1862க்குக் கீழே எத்தனை புள்ளி என்று எண்ணிவிட்டு அங்கிருந்தே எனக்குப் போன் பண்ணு. நான் திருச்சியில்தான் இருப்பேன். அங்கே எல்லாரும் காத்துக்கொண்டு இருப்போம், பெரியவர் எட்டுப் புள்ளி இருக்கும் என்கிறார்.

ஊறுகாய் பார்சலில் வருகிறது. ராத்திரி தயிர் சாப்பிடாதே.

அன்புடன்,
அம்மா