பொங்கலன்று நீ கேட்ட கேள்வி

மதுரை,
மார்ச் 2

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே நலம். நீ ஊர் போய்ச் சேர்ந்த பிறகு எத்தனையோ முறை கைப்பேசியில் பேசிவிட்டோம். ஆனாலும் பொங்கலன்று நீ கேட்ட ஒரு கேள்விக்குப் பதில் சொல்லாமல் நான் எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டது இன்றுவரை மனத்தை உறுத்திக்கொண்டிருக்கிறது. பேச்சில் சொல்லத் தொடங்கினால் பாதியில் வேறெங்காவது போய்விடுவேன் என்பதால் தாளை எடுத்து உட்கார்ந்திருக்கிறேன்.

அன்று தொலைக்காட்சியில் ‘சின்ன தம்பி’ ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன்மார் தங்கையை வீட்டுக்குள் வைத்துப் பூட்டுவதையும், அவளை ஏறிட்டுப் பார்த்த ஆண்களை அடித்து நொறுக்குவதையும் அப்பா ஆயிரமாவது முறையாக ரசித்துக்கொண்டிருந்தபோது, “இதையெல்லாம் எப்படிம்மா கைதட்டிப் பார்த்தீங்க?” என்று கேட்டாய். கோபமாகக் கேட்கவில்லை; உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டாய். அதனால்தான் எனக்குப் பதில் வரவில்லை. நீ கிளம்பிப் போன பிறகு, சனிக்கிழமை இரவுகளில் சாப்பாட்டுக் கடை முடிந்ததும், அந்தக் காலத்தில் நாங்கள் கொண்டாடிய படங்களை ஒவ்வொன்றாக மறுபடியும் பார்த்து வருகிறேன். அப்பா இடைவேளை வரும் முன்பே குறட்டை விட்டுவிடுவார். ஆகவே தனியாகத்தான் பார்த்தேன் என்று வைத்துக்கொள்.

முதலில் உன் பக்கத்து நியாயத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ‘சின்ன தம்பி’ 1991 ஏப்ரலில் வந்தபோது உன் அண்ணன் என் வயிற்றில் இருந்தான். உன் அப்பத்தாவோடு மகளிர் வரிசையில் முண்டியடித்துச் சீட்டு வாங்கிப் பார்த்தேன். இளையராஜாவின் பாட்டுக்கும், மாலைக்கண் நோயை மறைத்துக்கொண்டு கவுண்டமணி படும் பாட்டுக்கும் அரங்கமே ஆடியது. இன்று பார்க்கும்போது பாட்டு அப்படியே இருக்கிறது, கதை எனக்கு மூச்சு முட்டுகிறது. தாலி என்றால் என்னவென்றே அறியாதவன் கையால் அந்தப் பெண் தாலி கட்டிக்கொள்வதை அன்று வெகுளித்தனம் என்று எண்ணிச் சிரித்தோம். தன் திருமணத்தைத் தானே தீர்மானிக்க அவளுக்குக் கிடைத்த ஒரே வழி அந்தத் தந்திரம்தான் என்பது இப்போதுதான் என் கண்ணில் படுகிறது.

ஆனால் நாங்கள் எல்லோரும் கைதட்டினோம் என்று நீ சொன்னாயே, அதில் ஒரு சின்னத் திருத்தம் உண்டு. நாயகனின் தாயாக, கைம்பெண்ணாக வரும் மனோரமாவை அந்த அண்ணன்மார் துன்புறுத்தும் கட்டம் வந்தபோது உன் அப்பத்தா எழுந்து வெளியே போய்விட்டார். முறுக்கு வாங்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். படம் முடிந்து நான் வந்து பார்க்கையில், வெளியே சைக்கிள் நிறுத்தும் இடத்துக்குப் பக்கத்துத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். கையில் முறுக்கு இல்லை. இருபத்தெட்டு வயதில் தாலியை இழந்து, கொழுந்தன்மார் வீட்டில் பிள்ளையை வளர்த்து ஆளாக்கியவர் அவர் என்பது உனக்குத் தெரியும். அவரிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஆக, இருட்டில் யார் எதைப் பார்த்துக்கொண்டிருந்தோம் என்பது ஒருவருக்கொருவர் தெரியாமலேதான் அந்தப் படங்கள் வெள்ளி விழாக் கொண்டாடின.

அடுத்ததாக ‘முந்தானை முடிச்சு’. 1983-இல் வந்தது, ஊர்வசிக்குக் கதாநாயகியாக முதல் படம். மனைவியை இழந்த வாத்தியாரின் குழந்தையைத் தாண்டிப் பொய்ச் சத்தியம் செய்து அவரைக் கட்டிக்கொள்ளும் பரிமளத்தை உன் தலைமுறைக்கு ஏற்காது. நடக்காததை நடந்ததாக ஒருவன் மேல் சுமத்துவது எந்தக் காலத்திலும் தவறுதான். ஆனால் நான் அப்போது பதினாறு வயதுப் பெண். திரையில் பெண்களைத் துரத்தும் ஆண்களையே பார்த்துப் பழகிய எங்களுக்கு, தனக்கு வேண்டியதைத் தானே துரத்திப் பிடிக்கும் ஒருத்தியைக் காண்பது எவ்வளவு பெரிய கூத்தாக இருந்தது என்று உன்னிடம் எப்படிச் சொல்வேன்! அதே பெண், மாற்றாந்தாய் பிள்ளையைக் கவனிக்க மாட்டாள் என்ற கணவனின் அச்சத்தைப் போக்கக் கருத்தடை அறுவைக்கும் துணிகிறாள் என்று வரும்போதுதான் இந்த முறை எனக்கு எரிச்சல் வந்தது. அன்று அதைத் தியாகம் என்றார்கள், நானும் நம்பினேன்.

‘மௌன ராகம்’ ஒரு சரணாகதிக் கதை என்று நீ சொன்னதை மட்டும் நான் ஏற்க மாட்டேன். 1986-இல் அந்தப் படம் வந்தபோது நான் கல்லூரி இரண்டாம் ஆண்டு. விடுதியில் ஒருத்தி பாக்கியில்லாமல் எல்லோரும் கார்த்திக்கின் பைத்தியம். இத்தனைக்கும் அவர் வருவது நடுவில் வரும் பழங்கதையில் மட்டும்தான். கணவராக வரும் மோகனை அன்று ‘பாவம், நல்ல மனிதர்’ என்ற அளவில் ஒதுக்கிவிட்டோம். இப்போது பார்த்தால் என் கண் ரேவதியை விட்டு நகரவில்லை. பெண் பார்க்க வந்தவர்கள் போயிருப்பார்கள் என்று நம்பி, வேண்டுமென்றே மழையில் நனைந்து நேரம் கழித்து வீட்டுக்கு வருகிறாளே, அந்த ஒரு காட்சியில் எங்கள் வயதுப் பெண்களின் பாதி வாழ்க்கை இருக்கிறது. அப்பாவுக்கு நெஞ்சுவலி என்றதும் அவள் எதிர்ப்பெல்லாம் கரைந்துபோவதை அன்று நான் கதைத் திருப்பமாகப் பார்த்தேன். பின்னாளில் எங்கள் தெருவிலேயே நான்கு வீடுகளில் அதே நெஞ்சுவலியைப் பார்த்துவிட்டேன். டெல்லியில் கணவன் என்ன பரிசு வேண்டும் என்று கேட்க, அவள் விவாகரத்து என்கிறாள். நான் பார்த்த அரங்கில் அப்போது ஓர் இருமல்கூடக் கேட்கவில்லை. கடைசியில் அவள் அவனிடமே திரும்பிவிட்டாள், ஆகவே இது சரணாகதி என்பது உன் வாதம். திருமணமாகி ஓராண்டு ஆகாமல் மனுப் போட முடியாது என்ற சட்டத்தை வைத்தே அந்தக் கதை நடக்கிறது என்பதைக் கவனித்தாயா? ஓராண்டுக்குள் அவள் மனம் மாறுகிறது என்பது உண்மை. ஆனால் கையெழுத்திட்ட தாளும் ஊருக்குப் போக ரயில் சீட்டும் கைக்கு வந்த பிறகுதான், போகலாம் என்ற நிலையில்தான், அவள் அந்தத் தாளைக் கிழிக்கிறாள். போக வழியே இல்லாமல் இருந்தவர்களைப் பார்த்து வளர்ந்தவள் நான். எனக்கு அந்த வித்தியாசம் பெரிது. நீ இதற்கு மறுப்பு எழுதலாம், படிக்கிறேன்.

‘மூன்றாம் பிறை’யை இந்த வயதில் பார்த்திருக்கக் கூடாது. 1982-இல், நாங்கள் எல்லோரும், தான் காப்பாற்றி வைத்திருந்த பெண் நினைவு திரும்பித் தன்னை மறந்து ரயிலில் போகையில், கேத்தி ரயில் நிலையத்தில் குடத்தைத் தலையில் வைத்துக் குரங்கு போல ஆடிக் காட்டும் கமலுக்காக அழுதோம். தேசிய விருதுக்குத் தகுதியான நடிப்புதான், அதில் ஐயமே இல்லை. இந்த முறை எனக்கு, காணாமல் போன மகளைத் தேடிப் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்துவிட்டுக் காத்திருந்த தகப்பனைத்தான் நினைக்க முடிந்தது. அந்த ரயில் நகர்ந்தபோது, என்னை அறியாமல், “போயிடும்மா, போயிடு” என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். அப்பா திடுக்கிட்டு விழித்து, யார் வந்திருப்பது என்று கேட்டார்.

நான் உண்மையில் சொல்ல வந்தது ‘முதல் மரியாதை’யைப் பற்றி. 1985-இல் உன் அம்மாச்சியோடு பார்த்தேன். சிவாஜியின் மீசை, ராதாவின் பரிசல், ராதாவுக்குப் பின்னால் இருந்து பேசிய ராதிகாவின் குரல், வைரமுத்துவுக்குத் தேசிய விருது வாங்கித் தந்த வரிகள் என்று எதை எடுத்தாலும் இன்றும் குறை சொல்ல முடியாது. அந்தப் படத்தில் சிவாஜியின் மனைவி பொன்னாத்தாவாக வடிவுக்கரசி வருவார். அவர் வாயைத் திறந்தபோதெல்லாம் மகளிர் பகுதியிலிருந்து வசை பறந்தது. மண்ணை வாரித் தூற்றாத குறையாக உன் அம்மாச்சியும் திட்டினார், நானும் திட்டினேன். அத்தனை நல்ல மனிதரை இப்படி வதைக்கிறாளே என்ற ஆத்திரம்.

போன வாரம் பார்த்தபோது அந்தக் கதையை முதலிலிருந்து எண்ணிப் பார்த்தேன். அவள் வயிற்றில் வேறொருவனின் பிள்ளை. மானம் போய்விடும் என்று அவளைப் பெற்றவர் மருமகனிடம் கெஞ்சுகிறார், அவரும் மாமனுக்காகக் கழுத்தை நீட்டுகிறார். ஊருக்கு அவர் தெய்வம். அவளுக்கோ, தினமும் தன் குற்றத்தை நினைவூட்டிக்கொண்டு எதிரில் நடமாடும் ஒரு மன்னிப்பு. அவளை ஏமாற்றியவன் யார் என்று கதை பிற்பாடு சொல்கிறது. அவள் அதுவரை எப்படிச் சோறு உண்டாள், எப்படித் தூங்கினாள் என்று ஒரு காட்சிகூட இல்லை. அவள் செய்ததெல்லாம் சரி என்று நான் சொல்லவில்லை. அவள் வாய் கொடுமையான வாய்தான். ஆனால் நாற்பது ஆண்டுகளாக ஒரு பெண்ணைத் திட்டிக்கொண்டிருந்துவிட்டு, அவளிடம் யாருமே எதையும் கேட்கவில்லை என்று இப்போதுதான் கண்டேன். வடிவுக்கரசி அதை அன்றே தம் முகத்தில் வைத்திருக்கிறார், பார்க்கத்தான் எங்களுக்குத் தெரியவில்லை.

இன்னொன்று. நீ பார்ப்பது போலச் சிறிய திரையில் பார்த்து இந்தப் படங்களுக்குத் தீர்ப்புச் சொல்லாதே. பாட்டை வெட்டி, ஓரங்களை நறுக்கி, நிறம் வெளுத்துப்போன பிரதிகளைத்தான் பெரும்பாலும் போடுகிறார்கள். வாடகைக்கு எடுத்த வீடியோ டெக்கில் ‘நாயகன்’ பார்த்தபோது எல்லாம் ஒரே கறுப்பாக இருக்கிறது என்று நானே குறை சொன்னவள். 2023 நவம்பரில் அது மறுபடி திரைக்கு வந்தபோது அப்பா அழைத்துப் போனார். ஒளிப்பதிவாளர் பி.சி. ஸ்ரீராம் இருட்டை எப்படி எடைபோட்டு வைத்திருக்கிறார் என்பதும், கலை இயக்குநர் தோட்டா தரணி சென்னையிலேயே எழுப்பிய மும்பைத் தாராவி எவ்வளவு ஈரமாக இருக்கிறது என்பதும் அன்றுதான் தெரிந்தது. அப்பா அன்று தூங்கவில்லை.

கோடை விடுமுறைக்கு வருகிறாய் அல்லவா? வரும்போது ‘முதல் மரியாதை’யின் நல்ல பிரதி எங்காவது கிடைத்தால் எடுத்து வா. உன் அம்மாச்சியையும் நான்கு நாள் இங்கே வந்து தங்கச் சொல்லியிருக்கிறேன். எண்பத்து மூன்று வயதாகிறது, காது கொஞ்சம் மந்தம், ஆனால் பொன்னாத்தாவை இன்னும் பெயர் சொல்லித் திட்டுகிறார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, “அவளுக்குப் பரிஞ்சு பேச நீ ஒருத்திதான் பாக்கி” என்று தொலைபேசியை வைத்துவிட்டார். நீ அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொள், நான் இந்தப் பக்கம் உட்காருகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். வெந்தயப் பொடி தீர்ந்துவிட்டது என்றாயே, அரைத்து வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா