எங்கள் நாய்த் திடலுக்கு நிழல் கொடுத்தவர்களுக்கு

அன்புடையீர்,

வணக்கம். கத்திரி வெயில் முடிந்துவிட்டது. இந்த ஆண்டு எங்கள் திடலில் ஒரு நாய்கூட வெயிலில் சுருண்டு விழவில்லை. அதற்குக் காரணமானவர்களில் பாதிப் பேர், நேரில் நன்றி சொன்னால் “இதற்கெல்லாமா” என்று கையை உதறிவிட்டுப் போகிறவர்கள். ஆகவே எழுத்தில் சொல்கிறேன்.

வேலூரை ‘வெயிலூர்’ என்பது வெளியூர்க்காரர்களுக்குக் கேலி, எங்களுக்கு முகவரி. சுற்றிலும் கல்மலை, பக்கத்தில் மணல் மட்டும் மிச்சமிருக்கும் பாலாறு. கோடையில் 40 டிகிரியைத் தாண்டுவது இங்கே செய்தியே அல்ல. இப்படிப்பட்ட ஊரில் நாய்கள் கழுத்துப்பட்டை இல்லாமல் ஓட ஓர் இடம் வேண்டும் என்று நாங்கள் பன்னிரண்டு வீட்டுக்காரர்கள் மூன்று ஆண்டுகளுக்கு முன் கிளம்பியபோது, எங்கள் தெருக்கோடியில் சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்த காலி மனையை அதன் உரிமையாளர் வாடகை இல்லாமல் விட்டுக்கொடுத்தார். அவருக்கு முதல் நன்றி. அவர் நாய் வளர்த்ததில்லை. நாய் என்றால் பயமும் உண்டு. வேலி போட்ட பிறகு ஒருமுறை வந்து, தெருவில் நின்றபடியே பார்த்துவிட்டுப் போனார்.

முள்ளை வெட்டினோம், வேரைத் தோண்டினோம், கம்பிவலை அடித்தோம். அந்தக் கதையில் சுவாரசியம் இல்லை. சுவாரசியம் என் முட்டாள்தனத்தில்தான் தொடங்குகிறது.

கொட்டகைக்கு வரைபடம் போட்டவன் நான். முப்பது வருடம் கணக்கு எழுதியவன். அடி, அங்குலம், செலவு எல்லாம் சரியாக இருந்தது. பழைய இரும்புக்கடைக்காரர் குழாய்களைப் பாதி விலைக்குக் கொடுத்தார், வெல்டிங் பட்டறைத் தம்பி கூலி வாங்க மறுத்துவிட்டார். இருபது அடி நீளத்துக்குத் தகரக் கூரை எழுந்தது. வாசலுக்கு அருகில் இருக்கட்டும் என்று கிழக்கு வேலியை ஒட்டி வைத்தேன். திறப்பு விழாவுக்குக் கேசரி கூடக் கிளறினோம். நாய்கள் கொட்டகைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு வெளியே வந்து, மதில் ஓரத்தில் மண்ணைப் பறித்துக் குழிக்குள் படுத்துக்கொண்டன. தகரத்துக்கு அடியில் ஐந்து நிமிடம் உட்கார்ந்து பார்த்தபோதுதான் எனக்கே புரிந்தது, தோசைக்கல்லுக்குக் கீழே இருப்பது எப்படி இருக்கும் என்று.

அதைவிடப் பெரிய தப்பு ஒன்று இருந்தது. நாங்கள் திடலுக்கு வருவது காலையிலும் மாலையிலும். மாலை ஐந்து மணிக்குச் சூரியன் மேற்கே சாய, கொட்டகையின் நிழல் கிழக்கு வேலியைத் தாண்டித் தெருவில் விழுந்தது. அந்த நிழலில் யாருடையவோ இரண்டு பைக்குகள் சுகமாக நின்றன.

சென்ற ஆண்டு ஏப்ரலில் ஒரு மாலை என் கருப்பன் விழுந்தான். எட்டு வயது லாப்ரடார்; பெயருக்கு ஏற்ற நிறம், பெயருக்கு மீறிய எடை. பந்தை எறிந்தவன் நான்தான். நான்காவது முறை ஓடியவன் பாதி வழியில் நின்று, பின்னங்கால்கள் பின்ன, பக்கவாட்டில் சாய்ந்தான். ஈறு செங்கல் நிறத்தில் இருந்தது. மூச்சு சீறிக்கொண்டு வந்தது.

அடுத்த வீட்டில் வேலை பார்த்துக்கொண்டிருந்த பிளம்பர் சுவரேறிக் குதித்து ஓடிவந்தார். நான் குழாயைத் திறந்து ஹோஸை நாயின் மேல் திருப்பப் போனேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துத் தரைப்பக்கம் தள்ளினார். வெயிலில் கிடந்த ஹோஸிலிருந்து முதலில் வந்த நீரில் டீயே போட்டிருக்கலாம்! நீர் குளிர்ந்து வரும்வரை காத்திருந்து, வயிற்றிலும் தொடை இடுக்கிலும் கழுத்திலும் விடாமல் ஊற்றினார். அவருடன் வந்த பையன் அட்டைப்பெட்டியைக் கிழித்து விசிறினான். நான் ஈரச்சாக்கைப் போர்த்தப் போனபோது, தொலைபேசியில் இருந்த கால்நடை மருத்துவர் சத்தம் போட்டார்: போர்த்தினால் சூடு உள்ளேயே நின்றுவிடும், நீரை ஊற்றிக் காற்று படவிடுங்கள், உடல் கொஞ்சம் ஆறட்டும், பிறகு வண்டியில் ஏற்றுங்கள் என்று.

மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோதும் உடல் சூடு 40 டிகிரிக்குக் குறையவில்லை. நாய்க்கு 38-க்கும் 39-க்கும் சற்று மேல் வரை இயல்பு. 41-ஐத் தாண்டினால் உள்ளுறுப்புகள் கெடத் தொடங்கும். நம்மைப் போல அதற்கு உடல் முழுதும் வியர்க்காது. உள்ளங்காலில் கொஞ்சம் வியர்ப்பதோடு சரி. நாக்கைத் தொங்கவிட்டு இளைப்பதுதான் அதன் விசிறி. மூக்கு சப்பையான பக் போன்ற நாய்களுக்கு அந்த விசிறியும் பழுது. இதையெல்லாம் அன்றிரவு ஒன்பது மணிக்கு, சாப்பிடக்கூடப் போகாமல், பள்ளிப் பிள்ளைக்குச் சொல்வது போல எனக்குச் சொன்ன மருத்துவர் அம்மாவுக்கும், அந்தப் பிளம்பருக்கும், பெயர் கேட்க மறந்துபோன அந்தப் பையனுக்கும் நான் எந்தச் சொல்லில் நன்றி சொல்வது? கருப்பன் இப்போது என் காலடியில் குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறான்.

அடுத்த வாரம் ஆட்டுக்கார அம்மா வந்தார். ஆற்றங்கரையில் ஆடு மேய்ப்பவர், எங்கள் வேலியோரத் தழைக்காக அவ்வப்போது வருவார். விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கொட்டகையை ஒரு பார்வை பார்த்தார். “உச்சி வெயிலுக்குக் கூரை போட்டிருக்கிறீர்கள். நீங்கள் வருவதோ சாயுங்காலம்” என்றார். அவ்வளவுதான். எங்கள் கூட்டத்தில் இரண்டு பொறியாளர்கள் இருக்கிறார்கள். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நடுத்திடலில் ஒரு கம்பை நட்டு, பிள்ளைகளை விட்டு மணிக்கொரு முறை அதன் நிழல் நுனியில் சுண்ணாம்புப் பொட்டு வைக்கச் சொன்னோம். ஏப்ரல் கடைசி வாரத்தில் எங்கள் ஊரில் நடுப்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடும். கம்பின் நிழல் அதன் காலடிக்குள் ஒடுங்கிப்போனது. மாலை ஐந்து மணிக்கு அதே கம்பு தன் உயரத்தைப் போல இரண்டரை மடங்குக்கு மேல் நிழலை நீட்டியது. நமக்கு வேண்டியது தலைக்கு மேல் கூரை அல்ல, மேற்கே ஒரு மறைப்பு என்பது அந்தச் சுண்ணாம்புப் பொட்டுகளில் பளிச்சென்று தெரிந்தது.

மறைப்பைக் கட்டிக்கொடுத்தவர் எழுபதை நெருங்கும் கீற்று வேயும் பெரியவர். கல்யாணப் பந்தல்களெல்லாம் துணிக்கு மாறிவிட்டதால் இப்போது வேலை குறைவு என்றார். இந்த மார்ச்சில் நான்கு நாள் வந்தார். மேற்கு வேலி நெடுக சவுக்குக் கால் ஊன்றி, மூங்கில் வரிச்சு கட்டி, கீற்றைக் கீழிருந்து மேலாக ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி வைத்துப் பனைநாரால் முடிந்துகொண்டே போனார். நாரை நீரில் ஊறப்போட்டு வைத்திருந்தார். காய்ந்த நார் முறியும், ஈர நார் காயக் காய இறுகும். நடுவில் காற்று நுழைய அரையடி இடைவெளி விடச் சொன்னதும் அவர்தான். மீந்த கீற்றைத் தகரக் கூரையின் மேல் பரப்பினார். அந்தக் கொட்டகையில் இப்போது காலை வேளையில் உட்கார முடிகிறது. காலையில் அதன் நிழல் திடலுக்குள்ளேயே விழுகிறது. ஆறடித் தட்டி மாலை ஐந்து மணிக்குப் பதினாறு அடிக்கு நிழல் தருகிறது. செலவு, தகரக் கொட்டகைக்கு ஆனதில் கால்வாசி. கணக்கு எழுதியவன் என்பதால் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

தண்ணீருக்கு ஒரு கல்தொட்டி கிடைத்தது. மாடுகளை விற்றுவிட்ட விவசாயி ஒருவர் தன் தொழுவத்தில் கிடந்ததை டிராக்டரில் கொண்டுவந்து இறக்கினார். முப்பத்திரண்டு அறங்கள் என்று நம் பெரியவர்கள் போட்ட பட்டியலில் தண்ணீர்ப்பந்தலும், மாடு உரசிக்கொள்ளும் ஆவுரிஞ்சு கல்லும், விலங்குக்கு உணவும் இடம்பெற்றிருக்கின்றன. அவர் அதையெல்லாம் பேசவில்லை. தொட்டியை நிழலில் வையுங்கள் என்று மட்டும் சொன்னார். பிளம்பர் இரண்டாம் முறையாக வந்து, குழாயை ஒன்றரை அடி ஆழத்தில் புதைத்துக் கொடுத்தார். இப்போது முதலில் வருவதே குளிர்ந்த நீர்தான்.

எதிர்வீட்டு ஐயாவுக்கும் நன்றி சொல்ல வேண்டும். குரைப்பு, நாற்றம், கொசு என்று எங்கள்மேல் புகார் எழுதியவர் அவர். நாற்றம் பற்றி அவர் எழுதியது உண்மை. அதன் பிறகுதான் ஆளுக்கொரு முறம், காகிதம், மூடி போட்ட வாளி என்று விதி வைத்தோம். கொசுவுக்காகத் தொட்டியைத் தினமும் காலி செய்கிறோம். இந்தக் கத்திரியில் எங்கள் மோட்டார் எரிந்துபோன மூன்று நாளும் தன் கிணற்றிலிருந்து குழாய் போட்டுத் தண்ணீர் விட்டார். நான்காம் நாள் குரைப்பைப் பற்றி மறுபடியும் எழுதினார். இரண்டுக்கும் நன்றி.

தெருநாய்கள் மூன்றைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கருத்தடையும் வெறிநாய்த் தடுப்பூசியும் ஆனவை. காலை ஒன்பது மணிக்கு எங்கள் நாய்கள் கிளம்பியதும் அவற்றுக்காகக் கதவைத் திறந்துவிடுகிறோம். மாலை வரை இடம் அவற்றுடையது. நண்பகலில் போய்ப் பாருங்கள், கூரைக்கடியில் ஒன்று, தொட்டியின் ஈரத்தில் ஒன்று, நாங்கள் நட்ட நான்கு புங்கங்கன்றுகளில் சற்று வளர்ந்துவிட்ட ஒன்றின் கீழே, உடம்பில் பாதிக்கு மட்டும் நிழல் போதும் என்பது போல, ஒன்று. கன்றுகளுக்கு விடுமுறை முழுவதும் குடத்தில் நீர் சுமந்த ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் இருவருக்கும் தனியாக ஐஸ்கிரீம் பாக்கி இருக்கிறது. மறக்கவில்லை.

பட்டாசுப் பொறிக்குப் பயந்து, தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பே கீற்றைப் பிரித்துவிடப் போகிறோம். மாசி கடைசியில் மறுபடி வேய வேண்டும். பெரியவரிடம் இப்போதே சொல்லி வைத்துவிட்டேன். உயிரோடு இருந்தால் வருகிறேன் என்று சிரித்தார். இந்த முறை கீழே நின்று நாரை எடுத்துக் கொடுக்கவும் முடிச்சுப் போடப் பழகவும் இருவர் வேண்டும். பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் மாலையில் திடலுக்கு வாருங்கள். தட்டி நிழலில் உட்கார்ந்திருப்பேன்.

நன்றியுடன்,
கருப்பன் வீட்டுக்காரன்