திருமணத் தேதிக்கு இன்னொரு கட்டம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குடும்ப வரலாறு தேடுவோருக்காக ஞாயிறு மலரில் வந்த கட்டுரை, ஒரே திருமணத்துக்கு இரண்டு தேதி கிடைத்தால் பழைய ஆவணத்தில் உள்ளதை வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடச் சொல்கிறது. பழைய இங்கிலாந்துத் திருமணப் பதிவேடுகளைப் படித்துக் கணினியில் ஏற்றும் வேலையில் வெகுநாளாக இருக்கிறேன். இந்த யோசனையைக் கேட்டால் நல்ல தகவலெல்லாம் குப்பைக்குத்தான் போகும்.

அந்தத் தாள் எதற்காக எழுதப்பட்டது என்று முதலில் பார்க்க வேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று தேவாலயத்தில் மூன்று ஞாயிறு அறிவிப்பு, அதாவது ஓலை, வாசிப்பார்கள், அதற்குத் தனித் தேதி. ஓலை வேண்டாமென்று உரிமம் வாங்கினால் அதற்கொரு தேதி. கல்யாணம் அதற்கெல்லாம் பிறகுதான். உரிமம் வாங்கிவிட்டுக் கல்யாணமே செய்யாமல் போனவர்களும் உண்டு! 1837 ஜூலையில் தொடங்கிய அரசுப் பதிவின் அட்டவணையோ காலாண்டுக் கணக்கு. அதில் ‘மார்ச்’ என்றிருந்தால் ஜனவரி முதல் மார்ச் வரை எந்த நாளாகவும் இருக்கலாம்.

பெரிய குழப்பம் ஆண்டில்தான். 1752க்கு முன் அங்கே சட்டப்படி ஆண்டு பிறந்தது மார்ச் 25 அன்று. ஒரே பதிவேட்டில், 1720 ஏப்ரலில் கணவருக்கு அடக்கம், 1720 பிப்ரவரியில் மனைவிக்கு மறுமணம் என்று இருந்தால், புருஷன் உயிரோடு இருக்கும்போதே இன்னொரு கல்யாணமா என்று பதற வேண்டாம். அந்த ஏப்ரலுக்குப் பத்து மாதம் கழித்து வந்த பிப்ரவரி அது. நம் கணக்கில் 1721. அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் 1720/21 என்று சேர்த்து எழுதுவார்கள். ஸ்காட்லாந்து 1600லேயே ஜனவரி 1க்கு மாறிவிட்டது, அங்கே இந்தக் கணக்கைப் போட்டால் தப்பாகிவிடும்.

அப்புறம், வீட்டு பைபிளில் எழுதிவைத்த தேதி. அதை வேதவாக்காக எடுத்துக்கொள்கிறவர்கள் அந்தப் பைபிள் எந்த ஆண்டு அச்சானது என்று புரட்டிப் பார்ப்பதில்லை. 1843இல் நடந்த கல்யாணம் 1860இல் அச்சான பைபிளில் இருந்தால், நிச்சயம் பின்னால் எழுதியதுதான். கல்யாணமும் எல்லாக் குழந்தைகளின் பிறப்பும் ஒரே மையில், ஒரே கையெழுத்தில், வரிசை பிசகாமல் இருந்தாலும் ஒரே மூச்சில் உட்கார்ந்து எழுதியது என்றே சந்தேகப்பட வேண்டும். மூத்த குழந்தை கல்யாணமான சில மாதத்திலேயே பிறந்திருந்தால், அதை மறைக்கக் கல்யாணத் தேதியைச் சில மாதம் முன்னதாக எழுதியிருக்கவும் கூடும். பாவம், அவர்கள் கஷ்டம் அவர்களுக்கு.

சரி, எந்தத் தேதியை எடுப்பது? சடங்கு நடந்ததும் மணமக்களும் சாட்சிகளும் கையெழுத்திட்ட பதிவு இருந்தால் என் ஓட்டு அதற்கே. மற்றத் தேதிகளையும், எந்தத் தாளில் கண்டது என்பதோடு, பக்கத்திலேயே எழுதிவைக்க வேண்டும். கட்டுரையோடு நீங்கள் கொடுத்த மாதிரிப் படிவத்தில் திருமணத் தேதிக்கு ஒரே ஒரு கட்டம்தான் இருக்கிறது. அடுத்த முறை இன்னொன்று சேர்த்து அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்