மலையேற்ற ஆடை வடிவமைப்புக்கு ஓவியம் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

உயர்கல்வி வழிகாட்டிப் பக்கங்களில் ஆடை வடிவமைப்பு என்றாலே ஓவியத் திறமை, நிற ரசனை என்றுதான் பேச்சு தொடங்குகிறது. மலையேற்ற ஆடைகளையும் பாறையேறும் கருவிகளையும் வடிவமைக்க விரும்பும் மாணவர்களை இது திசைமாற்றிவிடும். இந்த வேலையில் படம் வரைவது சிறு பங்குதான். மிச்சமெல்லாம் பேட்டர்ன் (துணியை வெட்டுவதற்கான தாள் அச்சு), தையல், சோதனை.

மழை ஜாக்கெட்டையே எடுத்துக்கொள்வோம். சாதாரணச் சட்டைப் பேட்டர்னில் தைத்ததைப் போட்டுக்கொண்டு கையைத் தலைக்கு மேல் தூக்கினால், கீழ் விளிம்பும் கூடவே ஏறி, ஏறுபவர் இடுப்பிலும் தொடையிலும் கட்டும் பாதுகாப்புப் பட்டையான ஹார்னெஸுக்குள்ளிருந்து உருவிக்கொண்டு வந்துவிடும். உடம்புப் பகுதியைத் தொளதொளவென்று விட்டால் சரியாகிவிடும் என்று புதிதாக வருபவர்கள் நினைப்பார்கள். ஆகாது. அக்குளிலிருந்து இறங்கும் அடித்தையலுக்கு நீளம் போதவில்லை என்பதுதான் கோளாறு. ஜாக்கெட் கை தோளோடு சேரும் மேல் வளைவின் உயரத்தைக் குறைத்து, அந்தக் கையைச் சற்று அகலமாக்கி, அக்குளில் வைர வடிவத் துண்டு ஒன்றைச் சேர்த்தால் அந்த நீளம் கிடைக்கும். ஆனால் கையைத் தொங்கப்போடும்போது அங்கே துணி குவியும். எவ்வளவு குவியலைப் பொறுத்துக்கொள்ளலாம் என்று தீர்மானிப்பதில்தான் வடிவமைப்பாளரின் கைவண்ணம் தெரியும்.

அடுத்து தையல். ஊசி இறங்கிய ஒவ்வோர் இடமும், துணியோடு ஒட்டியிருக்கும் நீர்புகாச் சவ்வில் ஓர் ஓட்டை. உட்புறம் சுமார் 20 மி.மீ. அகல டேப்பை வெப்பக்காற்றில் இளக்கி ஒட்டி அதை அடைக்கிறார்கள். சூடு குறைந்தால் பசை பிடிக்காமல் சில துவைப்புகளிலேயே உரியும். கூடினால் சவ்வே கெடும். நான்கு தையல்கள் ஒரே புள்ளியில் கூடினால் துணி தடித்து, டேப் சரியாகப் படியாது. ஒழுகல் பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். ஆகவே தையல்களை ஒன்றுக்கொன்று தள்ளிவைத்தே பேட்டர்ன் போட வேண்டும். முதுகுப்பை வார் அழுத்தும் என்பதால் தோள் தையலையும் உச்சியிலிருந்து முன்னோ பின்னோ நகர்த்துவது நல்லது. ஒன்று சொல்ல வேண்டும்: 20,000 மி.மீ. உயர நீர்த்தம்பத்தின் அழுத்தத்தைத் தாங்கும் என்று அட்டையில் அச்சிடுவது துணியைச் சோதித்த எண். தைத்து முடித்த ஜாக்கெட்டுக்கு அது உத்தரவாதமாகாது.

ஹார்னெஸ் வேறு உலகம். ஐரோப்பாவில் அது 2016/425 ஒழுங்குமுறையின்படி மூன்றாம் வகை, அதாவது உயிராபத்திலிருந்து காக்கும், பாதுகாப்புச் சாதனம். வெளி ஆய்வு அமைப்பின் சான்று இல்லாமல் விற்க முடியாது. இடுப்பு ஹார்னெஸ் இஎன் 12277 என்ற ஐரோப்பியத் தரநிலையின் சோதனையில் 15 கிலோநியூட்டன் விசையைத் தாங்க வேண்டும். அந்த பலத்தைத் தருவது ஹார்னெஸின் பட்டைகளான நாடாவை இணைக்கும் பார்டாக் என்ற நெருக்கத் தையல். தடித்த ஊசி நாடாவின் இழைகளை அறுக்கும். இயந்திரத்தை அதிவேகமாக ஓட்டினால் ஊசி சூடாகி நூலை உருக்கும். பலம் கூடட்டும் என்று ஒரே இடத்தில் தையலை அடுக்கினால் நாடா அந்த இடத்திலேயே பலவீனப்படும். நூலின் நிறம் நாடாவின் நிறத்திலிருந்து மாறுபட்டிருந்தால் தேய்மானம் கண்ணில் படும். ஒரே நிறம் அழகாக இருக்கலாம், ஆனால் தேய்மானத்தை மறைத்துவிடும். கருவிகளை மாட்டும் பக்கவாட்டு வளையங்கள் ஆள் எடையைத் தாங்குவதற்கானவை அல்ல. களைத்துப்போன ஒருவர் இருட்டில் தடவினாலும் முன்பக்கப் பிரதான வளையத்தோடு குழப்பிக்கொள்ளாதபடி அவற்றின் தடிமனும் வடிவமும் இருக்க வேண்டும். கயிற்றை மாட்டும் கொக்கியான கேரபைனர் போன்ற உலோகப் பாகங்கள் இயந்திரப் பொறியியல் படித்தவர்களின் களம்.

வேலைக்கு விண்ணப்பிக்கும் மாணவர் பழைய ஜாக்கெட் ஒன்றைத் தையல் தையலாகப் பிரித்து, துண்டுகளைத் தாளில் வைத்துக் கோடு இழுத்து, மலிவான பருத்தித் துணியில் மறுபடி தைத்துப் பார்க்கட்டும். கையைத் தூக்கும்போது விளிம்பு எத்தனை சென்டிமீட்டர் ஏறுகிறது என்று அளந்து, பேட்டர்னை மாற்றி, மீண்டும் அளக்கட்டும். இரண்டு அளவுகளும் மாற்றத்துக்கான காரணமும் உள்ள ஒரு பக்கம், இருபது வண்ணப்படங்களைவிட எடுபடும். தொழிற்சாலைக்கு அனுப்பும் அளவுப் பட்டியலில் ஒவ்வோர் அளவுக்கும் எவ்வளவு கூடலாம், குறையலாம் என்று எழுதவும் பழக வேண்டும். எழுதாத இடத்தில் தொழிற்சாலையே முடிவெடுத்துவிடும்.

ஹார்னெஸையும் பிரித்துப் படிக்கலாம். ஆனால் தானே தைத்ததில் யாரும் தொங்கிப் பார்க்க வேண்டாம். கல்லூரி ஆய்வகத்தின் இழுவிசை இயந்திரத்தில் மாட்டி, அறுவது நூலா, தையலை ஒட்டிய நாடாவா என்று கவனியுங்கள். நூல் அறுந்தால் தையலைக் கூட்ட வேண்டியிருக்கும். நாடா அறுந்தால் தையலைக் குறைக்கவோ ஊசியை மாற்றவோ வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
ஆடைத் தொழில்நுட்பத் துறை வாசகர்